நிழலுக்குப் பத்தாத தலைநகரம்

நடுக்கடலில் ஒரு கருமேகம் வாட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. கடந்து வந்த பெரிய ஊர்களிலெல்லாம் அதற்குக் கிடைத்தது வசவுதான். கல்யாணத்தில் பெய்தால் வசவு, கிரிக்கெட்டில் பெய்தால் வசவு, காயப்போட்ட வடகம் நனைந்தாலும் வசவு.

"கீழே பாரு, ஒரு நாட்டோட தலைநகரம்," என்றது அதைத் தள்ளிக்கொண்டு வந்த காற்று.

"அந்தப் புள்ளியா? என் நிழல் விழவே இடம் பத்தாதே!"

"அதுக்காக மூணு ராஜாக்கள் அடிச்சுக்கிட்டாங்க. அவங்க கப்பலையெல்லாம் நான்தான் கொண்டுவந்து சேர்த்தேன். ஆனா இங்கே ஆறு கிடையாது, தோண்டினா உப்புத் தண்ணி. மூணு பேரும் தாகத்துல ஓடிட்டாங்க. ஊர்க்காரங்க மட்டும் இருந்துட்டாங்க."

கீழே சுதந்திர தின விழா. ஜனாதிபதி பேசிக்கொண்டிருந்தார். பேண்டு வாத்தியக்காரர்கள் வரிசையாக நின்றார்கள்.

"ஐயோ, விழாவா? தாண்டிப் போயிடலாம்," என்றது மேகம். ஆனால் பாரம் தாங்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு பொழிந்தது.

வசவு எதுவும் கேட்கவில்லை. மேகம் மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தது.

கீழே ஒருவரும் குடை விரிக்கவில்லை. வீடுகளிலிருந்து குடமும் அண்டாவும் தெருவுக்கு வந்திருந்தன. பேண்டுக்காரர்கள் பித்தளைக் குழல்களின் வாயை வானத்தைப் பார்த்துத் திருப்பியிருந்தார்கள். ஜனாதிபதி பேச்சைப் பாதியில் நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, இரு கைகளிலும் மல்லாக்க ஏந்திக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான், ஊர் முடியப்போகுது. அப்புறம் கடல்தான்," என்றது காற்று.

"தெரியுது," என்றது மேகம். "நீ கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சுக்கோயேன்."