நல்ல கை

முதலில் வலது கை.

டாக்டரம்மா அந்த இரும்புக் கருவியை அவன் உள்ளங்கையில் வைத்தார். மேலே கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு சிவப்பு முள். பிடியை அமுக்கினால் முள் ஏறும். விட்டாலும் ஏறின இடத்திலேயே நிற்கும்.

"முழு பலத்தையும் கொடுங்க."

அவன் அமுக்கினான்.

முழு பலத்தையும் கொடுக்கவில்லை.

பாதியில் நிறுத்திக்கொண்டான். அது தெரியாமலிருக்கப் பல்லைக் கடித்தான். கழுத்து நரம்பைப் புடைக்கவிட்டான். ஒரு முனகலும் சேர்த்துக்கொண்டான். ஊர்த் திருவிழா நாடகத்தில் ஒரு சேவகன் வேஷத்துக்குக்கூட அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

முள் முப்பதில் நின்றது.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

யோசனை கண்டக்டர் சன்னாசியுடையது. உடைந்து சேர்ந்த இடது கைக்கு, வலது கையின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்கவேண்டும். இருந்தால் மறுபடி மலைப்பாதையில் பஸ் ஓட்டலாம். இல்லையென்றால் டிப்போ வாசலில் ஒரு நாற்காலி. வருகிற வண்டி, போகிற வண்டியின் நம்பரை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். ரிட்டயர் ஆகும்வரை.

"உடைஞ்ச கைய ஏத்துறதுதாண்ணே கஷ்டம். நல்ல கைய எறக்குறதுக்கு என்ன?" என்றான் சன்னாசி.

கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரியில் இதேபோல் அளந்தார்கள். வலது நாற்பத்தாறு கிலோ. இடது ஒன்பது.

பிறகு நாலு மாதம்.

முதலில் ஸ்பாஞ்ச் பந்து. அப்புறம் ஸ்பிரிங் வைத்த கைப்பிடி, ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. அப்புறம் பாட்டில் நிறைய மணல். முன்கையை நாற்காலியின் கையில் கிடத்திவிட்டு மணிக்கட்டை மட்டும் தாழ்த்தி, உயர்த்தி, தாழ்த்தி. முதல் நாள் பாட்டில் நழுவி விழுந்து தரையெல்லாம் மணல். அவன் அழுதுவிட்டான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தான்.

மனைவி தனபாக்கியம் பார்த்திருந்தாள்.

அன்று ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, "இத்தனை தடவை மணலத் தூக்குனதுக்கு மாடியில ஒரு ரூம் எழுப்பியிருக்கலாம்" என்று சீண்டினாள். பெரிய பாட்டில் ஒன்றைத் தேடி எடுத்து அவளே மணலையும் அடைத்துக் கொடுத்தாள்.

"இப்ப இடது."

கை வியர்த்திருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டான். இருபத்தேழு வந்தால் போதும்.

அமுக்கினான். இதில் நடிப்பு இல்லை. முழங்கை வரை நடுங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் அமுக்கினான். விரல்கள் தாமாக விட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

முப்பத்தெட்டு.

எழுந்து கத்தவேண்டும் போலிருந்தது. ஒன்பதிலிருந்து முப்பத்தெட்டு!

டாக்டரம்மா இரண்டு எண்ணையும் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"உடைஞ்ச கையே தேவலாம் போலிருக்கே. அன்னைக்கு வண்டியப் பிடிச்சு நிறுத்துனது வலது கைதானே? பாவம், அதான் அது தளர்ந்துபோச்சு."

அவன் தலையை ஆட்டினான்.

டாக்டரம்மா சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஓட்டலாம்.

படி இறங்கும்போது அந்தப் 'பாவம்' கூடவே இறங்கியது.

விபத்து நடந்த அன்று, பதினோராவது வளைவு. இறக்கம். உருண்டு கிடந்த கல்லில் சக்கரம் ஏறி ஸ்டியரிங் உதறியது. கட்டைவிரலை ஸ்டியரிங்குக்கு உள்ளே விடாதே என்பது மலை டிரைவருக்கு முதல் பாடம். பத்தொன்பது வருஷ டிரைவர், அன்று விட்டிருந்தான். இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. வண்டிக்குள் ஐம்பத்திரண்டு பேர். பாதிப் பேர் தூக்கத்தில்.

மிச்சமிருந்தது ஒரு கை.

அது ஒற்றையாகவே வளைத்தது. பாறைப் பக்கம் ஒதுக்கி வண்டியை நிறுத்தும்வரை விடவில்லை.

அந்தக் கையைத்தான் சற்றுமுன் சோப்ளாங்கி ஆக்கிவிட்டு வந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் பயமும் இருந்தது. அன்று வண்டியைப் பிடித்தது முப்பது கிலோ இல்லை, நாற்பத்தாறு. அடுத்த தடவை உடைவது வலது கையாக இருந்தால்?

கீழே சன்னாசி பல் தெரிய நின்றான்.

"நாளைக்கு மொத ட்ரிப்பே நம்ம லைன்தாண்ணே. சொல்லி வச்சுட்டேன்."

போன் அடித்தது. தனபாக்கியம்.

"என்னாச்சுங்க?"

"பாஸ்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "இருங்க, மாமாகிட்ட சொல்லிட்டு வரேன்" என்று வைத்துவிட்டாள்.

அவன் சீட்டைப் பார்த்தான். வலது, முப்பது. மை இன்னும் காயவில்லை. அங்கே நாற்பத்தாறு என்று இருந்தால் இடது கைக்கு நாற்பத்தொன்றுக்கு மேல் வேண்டும்; இருப்பது முப்பத்தெட்டு.

சன்னாசி ஸ்டாண்டை எடுத்து பைக்கைக் கிளப்பினான். "ஏறுங்கண்ணே."

அவன் ஏறவில்லை. திரும்பி நடந்தான்.

"எங்கண்ணே?"

மாடிப்படி ஏறினான். டாக்டரம்மா கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தார்.

சீட்டை மேஜைமேல் வைத்தான்.

வலது கையை நீட்டினான்.

"இத இன்னொரு தடவை அளங்க டாக்டரம்மா."