பரணுக்குப் பஞ்சு வந்த கதை

என் மனைவி ஹிலரி சொன்ன இந்தக் கதையை நான் பல வருஷமாக நம்பவில்லை. நம்பவில்லை என்று வெளியே சொன்னதும் இல்லை. கல்யாணமாகி இத்தனை காலம் ஆனவனுக்கு அந்த அளவாவது புத்தி வேண்டாமா?

இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸில் எங்கள் பக்கத்து வீடும் என்னுடையதுதான். அதில் ஜானிஸ் வாடகைக்கு இருந்தாள். பஸ் ஓட்டுகிறவள், இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டை விற்றுவிட எனக்கு ஆசை. ஆனால் 'காலி பண்ணு' என்று சொல்ல வாய் வரவில்லை. நான் நல்லவன் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

அந்த நேரம் பார்த்துச் சட்டம் வந்தது. சூடு தங்காத வீட்டை வாடகைக்கு விடக்கூடாது. சோதனையில் 'ஈ' கிரேடாவது வாங்க வேண்டும். ஜானிஸ் வீட்டுப் பரணில் சூட்டைப் பிடித்து வைக்கும் கண்ணாடிப் பஞ்சு ஒரு பிடிகூடக் கிடையாது. நிச்சயம் ஃபெயில்.

"நான் என்ன பண்ண, ஜானிஸ்? சட்டம் அப்படி" என்றேன். கண்ணாடி முன் நின்று பழகிய சோக முகம்.

"பரண்ல கொஞ்சம் பஞ்சு விரிச்சாப் போதுங்கறாங்களே, கண்ணு?" பயணி, போலீஸ், வீட்டுக்காரன் எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான்.

"பழைய வீடாச்சே. பஞ்சு போட்டா மரம் உளுத்துடும்." அப்படி ஒரு சாஸ்திரத்தை அந்த நிமிஷம்தான் கண்டுபிடித்தேன்.

"பிள்ளைங்க ஸ்கூல் இங்கதான் இருக்கு" என்றாள்.

சோதனைக்கு வந்த கிளைவ் ஏணியில் ஏறி, ஜானிஸ் வீட்டுப் பரணுக்குள் தலையை நுழைத்து டார்ச் அடித்தார். கீழே நான் அனுதாபத்தோடு தயாராக நின்றேன்.

"மெத்தை மாதிரி கிடக்கே, மால்கம்! ஒரு சாண் கனம். பாஸ்!"

"எங்கே?"

"எங்கேயா? உன் வீட்டுப் பரண்லதான்யா. அவனவன் பஞ்சு வாங்கச் சொன்னா வக்கீலைப் பார்க்க ஓடுறான். நீ தங்கம்!"

கையைப் பிடித்துக் குலுக்கினார். வேறு வழியில்லாமல் தங்கமாக நின்றேன்.

வீட்டுக்கு வந்து ஹிலரியிடம் விசாரித்தேன்.

"சேப்பல்காரங்க யாரோ இனாமா போட்டுக் குடுத்தாங்களாம்" என்றாள், உரிக்கிற உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தச் சேப்பல் கூரையே ஒழுகும். பாதிரியார் பக்கத்தில் வாளி வைத்துக்கொண்டுதான் பிரசங்கம் பண்ணுவார். அவர்களா அடுத்தவன் கூரையைப் பார்க்கப் போகிறார்கள்?

பல வருஷம் கழித்து இப்போது சட்டம் இன்னும் இறுகுகிறது. இனி 'சி' வேண்டுமாம். விலை இறங்கிப்போனதால் வீட்டை விற்கும் ஆசையும் இறங்கியிருந்தது. பஞ்சு எவ்வளவு கனம் இருந்தால் நல்லது என்று பார்க்க, முதலில் என் வீட்டுப் பரணில் ஏறினேன்.

வெறும் மரச்சட்டம். தூசி.

டார்ச்சைத் திருப்பினேன். அந்தக் காலத்தில் கட்டியவர்கள் கல்லை மிச்சம் பிடித்து, வரிசை வீடுகளின் பரண்களுக்கு நடுவே சுவரே எழுப்பவில்லை. அந்தப் பக்கம், ஜானிஸ் வீட்டின் மேல், அடக்கமாகப் படுத்திருந்தது பஞ்சு. என் வீட்டுப் பரணில் விரிக்க ஒரு காலத்தில் நான் வாங்கி, நானே கோணல்மாணலாக வெட்டிய பஞ்சு. என் கோணல் எனக்குத் தெரியாதா?

இறங்கினேன். "ஹிலரி, அந்தச் சேப்பல்காரங்க யாரு?"

என் தலையிலிருந்த ஒட்டடையைப் பார்த்தாள். "நானும் ஜானிஸும்தான். நான் தள்ளினேன், அவ இழுத்தா. நீ ரக்பி பார்க்கப் போயிருந்தே."

"கிளைவ் போனதும் திருப்பி எடுத்திருக்கலாமே!"

"எடுக்கத்தான் ஏறினோம். அவ சின்னவன் முந்தின ராத்திரிதான் முதல் தடவையா கோட்டு இல்லாமத் தூங்கினானாம். அப்புறம் எப்படி மால்கம் எடுக்கறது?"

இத்தனை குளிர்காலமும் வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டு உட்கார்ந்து, வீட்டைச் சூடாக்கும் பாய்லர் சரியில்லையென்று ரிப்பேர்காரனைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். மனுஷருக்கு மனுஷர் இப்படியா? தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன்:

"ஏன் ஹிலரி, பரண்ல ஒண்ணுமே இல்லாம ஒரு மனுஷன் இந்தக் குளிர்ல எப்படிக் கிடப்பான்னு உனக்கு ஒரு தடவைகூடத் தோணலையா?"