தேதி போடாத கடிதம்

“என் கடிதத்தைக் கொடுங்கண்ணே.”

ஜெயித்து வந்த அன்றே கட்சியின் பதினான்கு உறுப்பினர்களிடமும் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிவிட்டார் கொறடா. அதைத் திருப்பிக் கேட்கவே கூடாது என்று அப்போதே சொல்லியும் வைத்தார். இப்போது அவர்களில் ஒருத்தியான அவள் கேட்டுவிட்டாள். நாடாளுமன்றத்தின் கட்சி அறையில் தேநீர்க் கோப்பைகளின் சத்தம் நின்றுபோகிறது. சன்னல் வெயில் கொறடாவின் நீலக் கோப்பின்மேல் விழுந்து கிடக்கிறது. இருபது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளை மூடும் மசோதாவுக்கு இன்னும் சற்று நேரத்தில் எல்லோரும் கை தூக்க வேண்டும். அவள் படித்த பள்ளியில் இருந்ததே ஒன்பது பிள்ளைகள். அவள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் அவள்தான். “உனக்கு சீட்டு கொடுத்தது யாரு தங்கச்சி?” கொறடா இளிக்கிறார். “நீங்கதான். ஓட்டு போட்டது நீங்க இல்லையே!” யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொள்கிறார். கொறடா கடிதத்தை உருவி அவள் முகத்துக்கு நேரே ஆட்டுகிறார். “மாத்தி கை தூக்கினா, இதுல தேதியைப் போட்டு சபாநாயகருக்கு அனுப்பிடுவேன்.” “உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?” அதை வெடுக்கென்று வாங்கி மேசையில் வைத்து, மூன்று வருடமாகக் காலியாகக் கிடந்த இடத்தில் நாளைய தேதியை நிறுத்தி எழுதுகிறாள். மை காய ஊதுகிறாள். அவர் கையிலேயே திருப்பித் தருகிறாள். “நாளைக்கு அனுப்புங்க. இன்னைக்கு நான் உறுப்பினர்தான்.” வாக்கெடுப்பு மணி அடிக்கிறது. கதவைத் திறந்துபோட்டபடி அவள் சபைக்கு நடக்கிறாள்.