கேப்டன் மட்டும்

“கேப்டன் மட்டும்தான் பேசணும். நீ உன் இடத்துக்குப் போம்மா.”

வலையோரத்து உயர மேடையில் நின்றபடி நடுவர் சொன்னார். கீழே பிஸ்கட் கம்பெனி அணியின் பெண் ஒருத்தி நகராமல் நின்றாள். உயரத்தால் அணியில் எல்லோருக்கும் அவள் ‘நெட்டை’.

“ஒரு நிமிஷம் சார்.”

“கேப்டன்.”

விஷயம் இதுதான். பெண்கள் வாலிபால் இறுதி ஆட்டம், கடைசி செட். பதினைந்து எடுத்தால் கோப்பை. அச்சகத்து அணி பதினாலு, பிஸ்கட் கம்பெனி பதிமூணு. அச்சகத்துப் பெண் ஓங்கி அடித்த பந்து, தடுக்க எகிறிய நெட்டையைத் தாண்டிப் போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்தது. அவள் கையில் பட்டிருந்தால் அச்சகம் ஜெயித்தது. படாவிட்டால் பதினாலுக்குப் பதினாலு.

நடுவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கோட்டு நடுவரைப் பார்த்தார். அவர் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார். எனக்கும் தெரியாது என்று அர்த்தம்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும் வழக்கம் நம் நடுவருக்குக் கிடையாது. “இந்தப் பாயின்ட் மறுபடி ஆடணும்” என்று சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் முணுமுணுப்பு. கூட்டத்தில் ஒருவர் அவருக்குக் கண்ணாடி வாங்கித் தருவதாகச் சொன்னார்.

அதற்கெல்லாம் அவர் அசருகிற ஆள் இல்லை. கேப்டனைத் தவிர வேறு யாரும் நடுவரிடம் பேசக் கூடாது என்பது விதி. அந்த ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் எப்பேர்ப்பட்ட ரகளையும் அடங்கிவிடும் என்பது அவர் அனுபவம். வீட்டில் அவர் கேப்டன் இல்லை என்பதால், அங்கே அவரே அதிகம் பேசுவதில்லை.

பிஸ்கட் கம்பெனி கேப்டன் ஓடி வந்து நெட்டையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பாக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். ஆளை அடக்கத் தெரிந்தவர். நடுவருக்கு அது பிடித்திருந்தது.

விசிலை வாயில் வைத்தார். நெட்டை மறுபடியும் வந்து நின்றாள்.

“சார், நான் சொல்றதைக் கேட்டுட்டு விசில் ஊதுங்க.”

மஞ்சள் அட்டையைக் காட்டினார். எச்சரிக்கை.

“பரவாயில்லை சார். அந்தப் பந்து...”

“ஒரு தடவை சொன்னா புரியாதா உனக்கு?”

“அந்தப் பந்து வந்து சார்...”

சிவப்பு அட்டை வெளியே வந்தது. சிவப்பு என்றால் எதிரணிக்கு ஒரு பாயின்ட். அச்சகம் பதினைந்து. ஆட்டம் அதோடு முடிந்தது.

பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் நெட்டையைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார்கள். “வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? கைக்கு வந்த ஆட்டத்தைக் கெடுத்துட்டே” என்றார் மேனேஜர். “இனிமே டீம் பக்கமே வந்துடாதே.”

அவள் முழங்கால் பட்டையைக் கழற்றியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேப்டன் மட்டும் நேராக நடுவரிடம் வந்தார். “மன்னிச்சிடுங்க சார். நல்லாத்தான் ஆடுவா. எங்கே எதைப் பேசணும்னுதான் தெரியாது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.”

தோற்ற கையோடு இந்தப் பணிவு யாருக்கு வரும்? நடுவர் நெகிழ்ந்துபோனார். நன்னடத்தைக் கோப்பையை யாருக்குக் கொடுக்கலாம் என்று விழாக்காரர்கள் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. “அந்தக் கேப்டனுக்குத்தான்” என்றார். கொடுத்ததும் அவர் கையால்தான். அரங்கமே கைதட்டியது.

முகம் கழுவலாம் என்று பின்பக்கம் போனார். அங்கே நெட்டை தனியாக நின்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. நாலு வார்த்தை நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தார்.

“இங்கே பாரும்மா. எனக்கு உன் மேல கோபம் ஒண்ணும் இல்லை. ஆளாளுக்குப் பேசினா ஆட்டம் நடத்த முடியுமா? பாயின்ட் வேணும்ங்கிற ஆசை எல்லாருக்கும்தான் இருக்கும். அதுக்காகச் சண்டைக்கு வரலாமா?”

“நான் பாயின்ட் கேட்டு வரலை சார்.”

“பின்னே?”

“பந்து என் சுண்டுவிரல்ல பட்டுச்சு. பாயின்ட் அவங்களுதுன்னு சொல்லத்தான் வந்தேன்.”

நடுவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். அச்சகம் ஜெயித்தது என்னவோ சரிதான். ஆனால் உண்மையைச் சொல்லித் தோற்றவள் என்று தலைநிமிர்ந்து போயிருக்க வேண்டியவளை, வாயாடி என்று அத்தனை பேர் முன்னால் நிறுத்தியாகிவிட்டது. அட்டையைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். காட்டியதைக் காட்டாததாக ஆக்க முடியாது. ஒரே ஒரு வாக்கியத்துக்குக் காது கொடுத்திருக்கலாமே என்று உள்ளுக்குள் அரித்தது.

அப்போதும் தன் பக்கம் ஏதாவது நியாயம் மிஞ்சுமா என்று மனசு தேடியது.

“இதை உன் கேப்டன்கிட்ட சொல்லியிருக்கலாமே. அவங்க வந்து சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே.”

அரங்கத்துக்குள் கேப்டன் கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். நெட்டை அந்தப் பக்கம் பார்க்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“முதல்ல அக்காகிட்டதான் சார் சொன்னேன். வாயை மூடிக்கிட்டு ஆடுன்னாங்க. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்.”