சர்க்கார் பாலத்துக்குக் கட்டிய பூசணிக்காய்

நாச்சியாபுரம் சாலையில் உச்சிவெயில் கொதிக்கிறது. சர்க்கார் புதிதாகக் கட்டும் பாலத்துக்கு நேற்றுத்தான் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். அது வெடிப்பு விடாமலிருக்க ஈரச் சாக்குகளால் மூடி, கொத்தனார் அரசப்பன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு சாக்கின் ஓரத்தைத் தூக்கி, உள்ளங்கையை வைத்துச் சூடு பார்க்கிறார். மறுபடி மெல்ல மூடுகிறார். அந்தக் கை அத்தனை இதமாகத் தொடும் என்பது, சோற்றுத் தூக்குவாளியோடு ஓரத்தில் நிற்கும் அவர் மனைவி பொன்னழகுக்கு இன்றுதான் தெரிகிறது.

“இன்னைக்கு ராத்திரியும் வீட்டுக்கு வரமாட்டீகளா?”

“சாக்கு காயக் கூடாது புள்ள. காஞ்சா விரிசல் விட்டுரும்.”

“போன மாசம் காய்ச்சல்ல கெடந்தேனே, என் நெத்தியில ஒரு ஈரத்துணி போட்டீகளா?”

அரசப்பன் அடுத்த குடத்தைத் தூக்குகிறார். குடம் சாய்கிறது, தண்ணீர் சாக்கில் சளசளவென்று இறங்குகிறது. புதுப் பாலத்தின் மேல் ஊர்க்கண் படாமலிருக்க, முனையில் கம்பு நட்டு, கோரமுகம் வரைந்த பூசணிக்காயை ரோட்டைப் பார்த்துக் கட்டியிருக்கிறார். பொன்னழகு அதையே பார்க்கிறாள். தூக்குவாளியைச் சல்லிக்குவியல் மேல் ணங்கென்று வைக்கிறாள்.

“ரோட்டுல போறவுக கண்ணு ஒண்ணும் செய்யாது. அந்தப் பூசணிக்காய என் பக்கமாத் திருப்பிக் கட்டுங்க.”