நெஞ்சுப் படம்

"எல்லாக் காயிதமும் வந்துடுச்சும்மா. நெஞ்சுப் படம் ஒண்ணுதான் பாக்கி" என்றான் பரசுராமன்.

சோற்றுப் பானையை இறக்கப்போன பச்சையம்மாவின் கை அப்படியே நின்றது.

"அது இன்னாத்துக்குடா?"

"டி.பி. இருந்தா அமெரிக்காவுக்கு விசா குடுக்க மாட்டாங்க. எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடணும்."

அவள் பானையை இறக்கி வைத்தாள். அவள் புருஷன் சுப்புராயன் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவன். இருமி இருமி, ரத்தமாகத் துப்பி, முப்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தான். அப்போது பரசுராமனுக்கு ஏழு வயது. கிடங்கில் கோணி தைத்து அவனை எஞ்சினியர் ஆக்கினாள் பச்சையம்மா. இப்போது, இந்த ஐம்பத்திரண்டாம் வருஷத்தில், ராயபுரத்தின் அந்தச் சந்திலிருந்து கப்பலேறி மேல்படிப்புக்குப் போகப் போகிற முதல் ஆள் அவன்தான்.

போன மழைக்காலத்திலிருந்து விடியற்காலையில் அவனுக்கும் இருமல் வந்துகொண்டிருந்தது. அவன் வெளியே போனதும் அவனுடைய துண்டை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். எங்காவது சிவப்பாகத் தெரிகிறதா என்று தேடுவாள். ஒரு நாளும் தெரிந்ததில்லை. மறுநாளும் பார்ப்பாள். அவனிடம் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அவனோ இருமல் வந்தால் எழுந்து தெருக்கோடிக்குப் போய் இருமிவிட்டு வருவான். அவளுக்குக் கேட்கக்கூடாதாம்.

மற்ற காகிதங்களுக்கும் பயந்து பயந்துதான் செத்தாள். கார்ப்பரேஷன் ஆபீஸில் பிறப்புப் பதிவை எடுத்தால், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் 'ஆண் குழந்தை' என்று இருந்தது. அதைச் சரிக்கட்ட ஒரு மாதம் நடையாக நடந்தார்கள். நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ்காரர் வாசலில் வந்து நின்ற அன்று, உன் புள்ள இன்னா தப்பு பண்ணான் என்று எதிர் வீட்டுக் கெங்கம்மா கேட்டுவிட்டாள். அன்றைக்கு முழுக்கப் பச்சையம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லா ஆபீஸுக்கும் கூடவே அலைந்தவன் லூயிஸ். வியாசர்பாடிக்காரன். பள்ளிக்கூடத்திலிருந்தே பரசுராமனுக்குத் தோஸ்து. பகலில் ரயில்வே பட்டறையில் வேலை, சாயங்காலத்தில் குத்துச்சண்டை. கதவுபோல அகன்ற மார்பு. அதில் பாதியாவது தன் பிள்ளைக்கு வாய்த்திருக்கக்கூடாதா என்று அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம் அவள் நினைத்துக்கொள்வாள்.

எக்ஸ்ரே எடுக்கப் போன அன்றும் லூயிஸ் லீவு போட்டுவிட்டு வந்தான். மத்தியானம் இருவரும் திரும்பினார்கள். பரசுராமன் மூலையில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நடந்ததையெல்லாம் லூயிஸ்தான் சொன்னான். சட்டையைக் கழற்றச் சொன்னார்களாம். ஒரு தகட்டோடு மார்பை ஒட்டி நிற்க வைத்து மூச்சைப் பிடிக்கச் சொன்னார்களாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டதாம்.

"பயப்படாத பெரிம்மா. படம் சோக்கா வரும்" என்றான்.

மூன்று நாள் அவள் தூங்கவில்லை. வடிவுடையம்மனுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டாள். நான்காம் நாள் டாக்டரைப் பார்க்கத் தானும் வருவதாகக் கிளம்பினாள். வேண்டாமென்று பரசுராமன் சண்டையே போட்டான். அவள் கேட்கவில்லை. மூவரும் டிராம் ஏறிப் போனார்கள்.

டாக்டர் வயதானவர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, இரண்டு பேரில் யார் பரசுராமன் என்று கேட்டார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான் சார்" என்றான் பரசுராமன்.

டாக்டர் அவனை உட்காரச் சொன்னார்.

"இடது பக்கத்துல, மேல, கொட்டைப்பாக்கு அளவுக்கு ஓட்டை விழுந்திருக்குப்பா. இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. அமெரிக்காவை மறந்துட்டு முதல்ல தாம்பரம் ஆஸ்பத்திரியில போய்ச் சேரு."

பச்சையம்மாவுக்குக் காது அடைத்துவிட்டது. எப்படி வெளியே வந்தாள், யார் தாங்கிப் பிடித்தார்கள் என்று தெரியவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, சத்தம் வராமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பரசுராமன் தூணில் சாய்ந்து நின்றான். அவளைத் தேற்ற வரவில்லை. அவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

லூயிஸ்தான் அவள் காலடியில் குந்தி, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அழாத பெரிம்மா. இப்பல்லாம் அதுக்கு ஊசி வந்துகீது. ஒரு வருசம் ஆஸ்பத்திரில படுத்தா எழுந்து வந்துடலாம். யாரும் செத்துப் பூட மாட்டாங்க" என்றான்.

"அவங்க அப்பனும் இப்டித்தானேடா போச்சு. எம் புள்ளையும் பூடுவானேடா" என்று அவள் விம்மினாள்.

பரசுராமன் தூணை விட்டு வந்து அவள் எதிரே நின்றான். உதடு கோணிக்கொண்டது.

"அம்மா, அது என் படம் இல்லம்மா. எனக்கு இருக்குமோன்னு பயந்துகினு, என் பேரைச் சொல்லி லூயிஸை உள்ள அனுப்பிட்டேன்."

பச்சையம்மாவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தன் கைகளைப் பிடித்திருந்த லூயிஸின் விரல்கள் வெடவெடவென்று நடுங்குவது அதற்கு அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது.