வாஷ்பேசின் ஓரம்

"பழசைச் சுரண்டாம மேலேயே பூசினா எப்படி..."

"சுரண்டிட்டுத்தாங்க பூசுனேன்! வீடியோவுல அப்படித்தான்..."

"வீடியோ எடுத்தவன் கொடைக்கானல்லயா இருக்கான்? இந்தப் பனிக்கு, சுவர் காயாம சிலிக்கான் பசை ஒட்டாது."

தமயந்தி டியூபைக் கீழே வைத்தாள். வாஷ்பேசின் ஓரத்தில் அவள் முதன்முதலாகப் பூசிய வெள்ளைக் கோடு புழுவாய் நெளிந்து கிடந்தது.

"அம்மா பாத்தா தொலைச்சுப்புடுவாங்க. அதுக்குள்ள முடிக்கணும்."

"ஹேர் டிரையர் இருக்கா?" ஜெயமுருகன் சட்டைக்கையை மடித்துவிட்டான்.

பூசியதை வழித்தெடுத்துச் சுவருக்குச் சூடு காட்டினார்கள். அவள் மறுபடி பூச, அவன் சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் நீவிவிட்டான். கோடு நேராக வந்தது.

"தொணதொணன்னு பேசாம இருந்தா மொதல்லயே நேரா வந்திருக்கும்" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "தமயந்தி, வெரசா சேலையைக் கட்டிட்டு வா! பொண்ணு பாக்க வந்தவங்க எம்புட்டு நேரம் காத்திருப்பாங்க? கை கழுவப் போன மாப்பிள்ளையையும் காணோம்!"

இருவரும் அப்படியே நின்றார்கள். ஜெயமுருகன் மெல்லச் சட்டைக்கையை இறக்கிவிட்டான்.

"மன்னவனூர்ல எங்க வீட்டு சிங்க்கும் ஓரம் பேந்துதான் கெடக்கு. வந்து பூசுவீங்களா?"